கடல்படிப்புக்கு எழுதிக்கொடுத்த வீடு

என்னுடைய மகள் கடலைப் படித்தது செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் காசில். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சுனாமிக்கு முந்தி நான் மூன்று ஆழ்கடல் படகும் ஒரு ஐஸ் ஆலையும் வைத்திருந்தவன். என் படகுகள் வராத நாளில் கல்முனைச் சந்தையில் மீன் விலை ஏறும், வந்த நாளில் இறங்கும். ஆனாலும் அந்தப் படிப்புக்கு வாப்பாவின் காசு காணாது என்று மகள் சொன்னாள். என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கடிதம் வந்த அன்று அவள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நானும் பெண்சாதியும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"செத்துப்போனவ என்னெண்டுகா காசு தாற?" என்றேன்.

"சாகிறதுக்கு முந்தியே எல்லாத்தையும் ஒரு இடத்துல போட்டு வெச்சிட்டா வாப்பா. போட்ட காசை ஆரும் தொடேலா. அதுல வாற வருமானத்துல மட்டும் வருஷத்துக்கு ஒரு ஆளைக் கடல் விஞ்ஞானம் மேல்படிப்புப் படிப்பிக்கணும். எந்த நாட்டுப் புள்ளையெண்டாலும் சரி. அதுக்குப் பேர்தான் பெலோஷிப்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"முடிவில்ல. அவ போய்ட்டா, அது நிக்கிது."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "இது வக்புகா! நம்மட பள்ளிவாசலுக்குத் தென்னந்தோட்டம் எழுதி வெச்சிரிக்கே, அதுதானே இது. மரத்தை வெட்டேலா, தேங்காய மட்டும் பறிக்கலாம்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கட பேராசிரியர் இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தவர் வாப்பா."

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பெரிய பெரிய படிப்பாளிகள் அரை மணித்தியாலம் எடுத்து விளங்கப்படுத்துவதை நான் ஒரு சொல்லில் பிடித்துவிடுவேன். இப்படிப் பேசுவதால்தான் ஆக்கள் என்னைப் பெருமைக்காரன் என்று சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். கரைவலைக் கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்தவன் நான். தண்ணீர் இறைக்கிற ஆளாகத் தோணியில் ஏறி, பிறகு வலைக்காரனாகி, தண்டயலாகி, அதாவது தோணியை நடத்துகிறவனாகி, கடைசியில் தோணிக்கே சொந்தக்காரன் ஆனவன். என் பெருமையை நான் சொல்லாமல் வேறு ஆர் சொல்லுவான்?

என் வாழ்க்கையில் நான் கட்டியதிலேயே பெரியது அந்த மகளுக்கான மாடிவீடு. எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆண்களுக்கு வீடு கிடையாது. பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவான். அவளைக் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு அவள் பேரில்தான் எழுதப்படும். நானும் பெண்சாதியின் வீட்டில்தான் இருக்கிறேன். என் இரண்டு ஆண்மக்களும் தங்கள் தங்கள் பெண்சாதிமாரின் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மகள் அவள். ஆகவே ஒரே வீடு. மற்றவர்கள் ஓடு போட்ட வீடு கட்டினார்கள் என்றால் நான் மேல்மாடி போட்டேன். எங்கள் மருதமுனை வீதியில் அதுதான் முதல் மேல்மாடி. அவள் சாதாரண தரம் படிக்கும்போதே அவள் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

பெண்சாதி அப்போதே சொன்னாள்: "மாடி கட்டுறீங்க. படி ஏறி வாற மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்காம இரிக்கணுமே."

"மூச்சு வாங்காத மாப்பிள்ளையாப் பாப்பம்" என்றேன்.

மகள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கடல், மீன், பாசி என்று படிக்கத் தொடங்கினாள். நாலு தலைமுறையாகக் கடலில் இறங்கும் குடும்பத்துக்கு மீனைப் பற்றி வெளியில் போய்ப் படிக்க வேண்டுமா என்று சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் காசு கட்டினேன்.

சுனாமி வந்த காலை அவள் லீவில் வந்து நின்றாள். அன்று பகல் ஒரு சம்பந்தம் பேச ஆக்கள் வருவதாக இருந்தது. அதனால் தாயும் மகளும் விடியத்தான் அந்த மாடிவீட்டுக்குப் போய்க் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த பெண்சாதியின் வீடு கடற்கரையிலிருந்து முதல் வரிசை. அந்த வீட்டில் அவர்கள் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் கல்முனையில் ஐஸ் ஆலையில் நின்றேன். சனம் ஓடி வந்தது. கடல் வருது, கடல் வருது என்றார்கள். கடல் எப்படிடா வரும் என்று நான் ஏசினேன். ஐம்பது வருடம் கடலில் கிடந்தவன் கேட்ட கேள்வி அது.

ஓடியும் விழுந்தும் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வீதியே இல்லை. மாடிவீடு நின்றது. கீழ்த்தட்டுக் கதவுகளையெல்லாம் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. மேலே சனம் நிறைந்து நின்றது. என் மகள் படிக்கட்டில் இடுப்பளவு சேற்றில் நின்று, சம்பந்தக்காரருக்காக எடுத்து வைத்திருந்த சாரியைக் கயிறாக முறுக்கி ஆக்களை இழுத்திருக்கிறாள். அவளுடைய உள்ளங்கை கிழிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் முதலில் அழுதேன்.

என் காக்கா, என் மூத்த சகோதரர், அந்த நேரம் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர். எனக்குத் துடுப்புப் பிடிக்கப் பழக்கியது அவர்தான். அவரை நாங்கள் அடக்கவில்லை. கிடைத்தால்தானே அடக்குவதற்கு. அந்தச் சம்பந்தமும் அதோடு போயிற்று. அந்தக் குடும்பத்திலும் கடல் எடுத்த மௌத்துகள்.

பிறகு மாதக்கணக்காக எங்கள் பக்கத்தில் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடலுக்குள் எங்கள் சனம் கிடக்கிறது, அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்றார்கள். நானும் தின்னவில்லை. படகில் ஒன்றுதான் மிஞ்சியது, அதையும் கரையில் இழுத்துப் போட்டிருந்தேன். ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நாட்களில் என் மகள் மட்டும் விடிந்தால் கரைக்குப் போவாள். போத்தல்களில் தண்ணீர் எடுப்பாள், மண் எடுப்பாள், மேலே காகிதம் ஒட்டுவாள்.

அகதி முகாமுக்குப் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

"என்னகா, முதலாளிட மகள் கடலை ஊட்டுக்கு அள்ளிட்டுப் போறா?"

"ஊறுகா போடப் போறாகா."

"உப்புக் காணாட்டிச் செல்றன் மாமி, நீங்க கொண்டு வாங்க" என்று மகள் திருப்பிக் கொடுப்பாள். எத்தனையோ நாளாகச் சிரிக்காத பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கண்ணால் கண்டேன்.

அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. கடலுக்கு அடியில் இருக்கும் கல்லுத்திட்டுகளை நாங்கள் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். எந்தப் பாரில் என்ன மீன் என்பது எங்கள் தண்டயல்மாரின் தலைக்குள் இருந்தது. அவர்களில் பாதிப் பேரைக் கடல் எடுத்துவிட்டது. அந்தப் பார்கள் இன்னும் அங்கே இருக்கின்றனவா, மண்ணால் மூடிவிட்டதா, உயிர் திரும்புமா? இதுதான் கேள்வி. அவள் மூத்தப்பா என்று கூப்பிட்ட என் காக்காவுக்குத் தெரிந்த பார்கள் நாற்பதுக்கு மேல். அவர் சொன்னதில் கொஞ்சத்தை அவள் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். மிச்சம் அவரோடு போய்விட்டது.

போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் போக முடியாது. யுத்தம் இன்னும் முடியவில்லை. கடற்படையின் பாஸ் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. கொஞ்சத் தூரத்துக்கு அங்கால் போகக் கூடாது. பாஸ் கொடுப்பது மீன் பிடிக்கிற ஆண்களுக்கு. தண்ணீருக்குள் கல்லைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பொம்புளைப் பிள்ளை போய் நின்றால் என்ன சொல்லுவார்கள்? நான் கேட்டேன். நானே போய், வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு, முதலாளி என்ற ஹோதாவில் கேட்டேன். அந்த அதிகாரி மரியாதையாக இருக்கச் சொல்லி, தேத்தண்ணீரும் தந்து, இல்லை என்றார்.

கடலோரத்தில் பிறந்த என் பிள்ளை எங்கள் கடலில் இறங்க முடியாமல் கரையில் குந்தியிருந்து, வருகிற தோணிக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். அப்படி எழுதியதைத்தான் அந்தக் கிழவியின் பெலோஷிப்புக்கு அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்து அவர்கள் இவளை எடுத்தார்கள். கப்பல் தருகிறோம், கடலுக்கடியில் போகிற கருவி தருகிறோம், வா என்றார்கள்.

"எவ்வளவு காலம்?" என்றேன் அன்றைக்கு.

"மூணு வருஷம் வாப்பா. கூடினா நாலு."

"மறுகா?"

"மறுகா வாறதானே. பார் எல்லாம் இஞ்சதானே இரிக்கி."

விமான நிலையத்தில் அவளுடைய தாய் அழுதாள். நான் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்கு, என் மகள் உலகத்தில் ஒரே ஆளாகத் தெரிவாகிக் கடல் விஞ்ஞானம் படிக்கப் போகிறாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போன பிறகும் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்று பெண்சாதி தோளைத் தட்டிச் சொன்னாள்.

அதுவரை நாங்கள் மாடிவீட்டில்தான் ஒதுங்கியிருந்தோம். பெண்சாதியின் வளவின் பின்பக்கத்தில் சிறிதாக ஒரு வீடு எழும்பியதும் அவள் அங்கே போய்விட வேண்டும் என்று நின்றாள். "மகள்ட ஊட்டுல நாங்க குந்திக்கிட்டிருந்தா வாறவன் எங்க இருப்பான்?" என்றாள். மாடிவீட்டைப் பூட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் நான் போய் யன்னல்களைத் திறந்து காற்று விடுவேன். மேல்மாடியில் நின்றால் கடல் தெரியும். அவள் இப்போது இருக்கிற கடல் எது, அதன் நிறம் என்ன, இதே நேரத்தில் அவள் கப்பலில் நிற்கிறாளா, சாப்பிட்டாளா, ஆர் ஆக்கிக் கொடுக்கிறான் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். கடலைப் பார்த்தால் எந்தப் பக்கம் நீர் இழுக்கும், எந்தப் பக்கம் மீன் வரும் என்று கணக்குப் போட்ட கண் எனக்கு. அந்த வருடங்களில் அது கணக்குப் போடவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்தது. பாஸ் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. படகுகள் தூரத்துக்குப் போயின. நான் மறுபடியும் மூன்று படகுக்காரன் ஆனேன். அந்த வருடம் சூரை மீன் வந்த மாதிரி என் ஆயுளில் வந்ததில்லை. நான் சந்தோசத்தில் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ் இல்லாமப் போய்ட்டு. கடல் திறந்திரிக்கி. என்ர போட் மூணும் உனக்குத்தான். வா."

அவள் சொன்னாள். படிப்பு முடிந்துவிட்டதாம். கலாநிதிப் பட்டம் கிடைத்துவிட்டதாம். ஆனால் அதே நிதியத்தில் முடித்தவர்களுக்கு இன்னொரு பெலோஷிப் இருக்கிறதாம். அதற்கும் தெரிவாகிவிட்டாளாம்.

"அதுக்குப் பிறகு?"

"வாப்பா, என்ர வேலைக்கு ஆய்வுகூடம் வேணும். கப்பல் வேணும்."

"போட் இரிக்கிதானே?"

"போட் இல்ல வாப்பா. கப்பல்."

"கப்பலும் வாங்குவன்!"

"ஓம், வாங்குவீங்க" என்றாள். அவள் சிரித்த சிரிப்பில் நான் சின்னப்பிள்ளையாகிப் போனேன்.

ஒவ்வொரு போனிலும் எப்ப வாறாய் என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் இன்ஷா அல்லாஹ் என்பாள். என் பிள்ளை வாயில் அந்தச் சொல்லைக் கேட்கப் பயந்த வாப்பா நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யுத்தம் முடிந்த கையோடு கல்முனைப் பக்கமெல்லாம் புதுப்புது வங்கிகள் கிளை திறக்க இடம் தேடின. ஒரு மனேஜர் மாடிவீட்டைக் கேட்டு வந்தார். வீடு சும்மா கிடக்கிறது, வாடகைக்குக் கொடுங்கள் என்றார். நான் அன்று முழுக்க யோசித்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் பிள்ளையைப் பிடித்து வைக்கக் கூடியவள் என்றால், நான் மட்டும் குறைந்தவனா? வீட்டை வக்பு எழுதுவோம். வருகிற வாடகையில் வருடத்துக்கு ஒரு பிள்ளை கடல் விஞ்ஞானம் மேல்படிப்புப் படிக்கட்டும். முஸ்லிமோ தமிழோ சிங்களமோ, ஆராக இருந்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. படித்து முடித்தவர் இந்தக் கரைக்குத் திரும்பி வந்து இங்கே வேலை செய்ய வேண்டும். அப்படி நாலு பேர் திரும்பி வந்தால் ஆய்வுகூடம் வரும். ஆய்வுகூடம் வந்தால் அதை நடத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆர்?

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று வக்பை மட்டும் சொன்னேன். மைக் வேண்டாம் என்றேன், என் சத்தம் போதும். எல்லாரும் சுபஹானல்லாஹ் என்றார்கள். மரைக்கார், அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்குப் பொறுப்பானவர், என்னைக் கட்டிப்பிடித்தார்.

"முதலாளி, ஊருக்கே பெருமை. உறுதியை எடுத்துட்டு வாங்க, நொத்தாரிசுக்கிட்டப் போவம்."

கல்முனையில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைப் போட்டு உறுதியை வாசித்தார். திருப்பி வாசித்தார்.

"இது உங்கட ஊடு இல்லையே" என்றார்.

"நான் கட்டின ஊடு."

"கட்டினது நீங்க. உரிமை மகள்ட. இஞ்ச பாருங்க, உங்கட கையெழுத்துத்தான்."

"நான் குடுத்ததைத்தானே நான் எடுக்கிறன்?"

"குடுத்தாக் குடுத்ததுதான் முதலாளி."

மரைக்கார் மௌலவிக்குப் போன் எடுத்தார். மௌலவியும் அதையேதான் சொன்னார். அடுத்தவரின் பொருளை வக்பு செய்ய ஏலாது, அது மகளாக இருந்தாலும் அடுத்தவர்தான்.

அடுத்தவர். வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் காதில் கிடந்தது. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. உறுதி எழுதியது எனக்கு மறக்கவும் இல்லை. ஆனால் எழுதினால் என்ன, கல்லும் மண்ணும் என்னுடையதுதானே என்று என் தலைக்குள் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. பிள்ளையும் என்னுடையதுதானே என்று இருந்த மாதிரி.

வீட்டில் பெண்சாதி என்னை வைத்துத் தாளித்தாள்.

"பொம்புளப் புள்ளக்கு ஊடு கட்டிக் குடுக்கிற வாப்பாமார் எல்லா ஊருலயும் இரிக்காங்க. குடுத்த ஊட்டைத் திருப்பி எடுத்துப் பள்ளில பேர் வாங்கின வாப்பா நீங்க ஒராள்தான்!"

"நல்ல காரியம்தானேகா."

"ஊடு இரிக்கிறதாலதான் எண்டைக்காவது வருவா எண்டு நான் இரிக்கன். அதையும் குடுத்துட்டா எதைப் புடிச்சுக்கிட்டு அவ வருவா?"

நான் இதை யோசித்திருக்கவில்லை. என் வக்பு அவளை இழுக்கும் என்று நான் நினைத்தேன். இவளோ வீடு அவளை இழுக்கும் என்று இத்தனை காலமும் இருந்திருக்கிறாள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பேரும் இரண்டு தூண்டில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். அவளுடைய கையெழுத்து வேண்டும் என்றால் அவள் வரத்தானே வேண்டும்? நொத்தாரிசு, வெளிநாட்டிலிருந்தே தூதரகத்தில் அற்றோணி எழுதி அனுப்பலாம், அதாவது வேறொரு ஆளுக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை மகளிடம் எடுக்க வேண்டாம் என்று நான் அவரிடமும் மரைக்காரிடமும் கேட்டுக்கொண்டேன். நானே போன் எடுத்தேன்.

"நேர வந்துதான் ஒப்பம் வெக்கணுமாம்" என்றேன்.

"கட்டாயமா வாப்பா?"

"கட்டாயம். சட்டம் அப்பிடி."

"சரி, பாக்கிறன்" என்றாள்.

பாக்கிறன் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிழமை வாழ்ந்தோம். பெண்சாதி அரிசி இடித்து மா வறுத்தாள். நான் ஐஸ் ஆலையில் நல்ல பாரைக்குட்டி வந்தால் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். வளவுக் கக்கூசுக்கு வெளிநாட்டுக் கொமட் பொருத்தினேன். சந்தையில் கண்ட ஆளிடமெல்லாம் மகள் வருகிறாள் என்றேன். எந்த மாதம் என்று கேட்டவர்களுக்கு இந்த மாதம் என்றேன்.

வந்தது ஒரு தடித்த கடித உறை.

உள்ளே தூதரக முத்திரை குத்திய அற்றோணிப் பத்திரம். வீட்டை வக்பு செய்யும் அதிகாரத்தை வாப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். அவள் ஒரே நாளில் விசாரித்து அறிந்திருப்பாள், கடலுக்கு அடியில் இருப்பதையே கண்டுபிடிக்கிறவளுக்கு என் பொய் எம்மாத்திரம். கூடவே எனக்கு ஒரு கடிதம். நான் வாசிக்கும்படி எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுவாள். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பொய் சொன்னதற்கு அதில் ஒரு ஏச்சும் இல்லை. வக்பு எழுதுவது தனக்குச் சந்தோசம், தன் சம்மதம் முழுசாக உண்டு என்று எழுதியிருந்தாள். நகல் உறுதியை நொத்தாரிசு அவளுக்கு அனுப்பியிருக்கிறார் போல. திரும்பி வர வேண்டும் என்ற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிடும்படி கேட்டிருந்தாள்.

காரணத்தையும் எழுதியிருந்தாள். அந்தக் கிழவிக்கு ஒரே மகனாம். கடலை ஆராயப் போன இடத்தில் கப்பலோடு போய்விட்டானாம். மகனின் பேரில்தான் அவள் அந்த பெலோஷிப்பை ஏற்படுத்தியிருக்கிறாளாம். "வாப்பா, அவட உறுதிய நான் முழுசா வாசிச்சன். திரும்பி வரணும் எண்டு ஒரு வரியும் அதுல இல்ல. திரும்பி வராத புள்ளக்காக எழுதினவ, ஆரைப் பாத்து வா எண்டு எழுதுவா? கடலுக்குப் போறவங்க போகட்டும் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கா."

நான் வாசித்து முடித்துவிட்டுப் பெண்சாதிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் வறுத்த மாவைப் போத்தலில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அந்த மனிசிக்கு மகன்ட மையித்தாவது அடக்கக் கிடைச்சிச்சாமா?" என்றாள்.

"அது எழுதல்ல."

"கிடைச்சிருக்காது" என்றாள். "கிடைச்சிருந்தா இவ்வளவு செய்திருக்கமாட்டா."

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த என் காக்காவை நினைத்துத்தான் அவள் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நொத்தாரிசிடம் போனேன். அவர் பேனையால் வரியை வெட்டப் போனார். "இஞ்ச தாங்க" என்று வாங்கி நானே வெட்டினேன். கோடு நேராக வரவில்லை. "அந்த இடத்துல வேற என்ன எழுத முதலாளி?" என்றார். நாலாம் வகுப்பு ஆள் எதைச் சொல்லுவது. ஒன்றும் வேண்டாம் என்றேன். பத்திரத்தைப் புதிதாக அடித்துத் தந்தார், ஒப்பம் வைத்தேன். மரைக்கார் சாட்சி வைத்தார். வெளியே வந்து பார்த்தால் கல்முனை பஸ் நிலையம் எப்போதும் போல இரைந்துகொண்டிருந்தது. எனக்கு எதைப் பற்றியும் பெருமை பேச வாய் வரவில்லை. மரைக்கார் என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா முதலாளி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரம்.

"எழுதியாச்சி" என்றேன்.

"அந்த வரி?"

"வெட்டியாச்சி. நானே வெட்டினன்."

"ஜஸாக்கல்லாஹ் வாப்பா." பிறகு, சிரிக்கிற குரலில்தான் கேட்டாள். "அப்ப இனி நான் வந்தா எங்க நிக்கிற?"

வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் நான். அதிகாரிக்கும் பதில் சொல்லியிருக்கிறேன், சந்தையில் பத்துப் பேரை ஒரே மூச்சில் மடக்கியிருக்கிறேன். போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன். என் பிள்ளைக்கு இந்த ஊரில் வீடில்லாமல் நான்தான் செய்துவிட்டு வந்து நிற்கிறேன்.

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்ற பெண்சாதி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"என்னகா கேள்வி இது? உம்மாட ஊட்டுல நில்லு. உங்கட வாப்பாவும் நாப்பது வருஷமா இஞ்சதானே நிக்கிறாரு. ஒரு அறைதான். உனக்குப் பாய் போட இடம் இரிக்கி."

போன் மறுபடி என் கைக்கு வந்தது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எப்ப வாறாய் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வெளிநாட்டுக் கோல், காசு ஓடும் என்று பெண்சாதி கையைக் காட்டினாள். ஓடட்டும் என்று நான் காதை எடுக்காமல் இருந்தேன்.